சக்கரத்தின் கனம்

தூத்துக்குடியிலும் பாளையங்கோட்டையிலும் கார் வாங்கும் இளைஞர்கள், அதை ஸ்போர்ட்ஸ் கார் போல ஆக்க வேண்டுமென்று நினைத்ததும் முதலில் இரண்டு வேலை செய்கிறார்கள். கம்பெனி கொடுத்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு மூன்று அங்குலம் பெரிய அலாய் வீல் மாட்டுகிறார்கள். பிறகு ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு இறக்குகிறார்கள். நான்குவழிச் சாலையில் அந்த வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதே வண்டியில் முக்காணியில் திரும்பி, கொற்கைப் பக்கமாக ஏரல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: வளைவில் பிரேக் பிடிக்கும்போது வண்டி சாலையை விட்டு எகிறி எகிறி விழும். வேகத்துக்காகச் செய்த மாற்றம் வேகத்தையே கெடுக்கிறது. எப்படி என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் சாலையைப் புரிந்துகொள்வோம். கொற்கை பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர். தாமிரபரணி நூற்றாண்டுக் கணக்கில் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. இன்று அங்கே இருப்பது நெல்லும் வாழையும் வாய்க்காலும். அந்த வண்டல்மேல்தான் சாலை கிடக்கிறது. இரண்டு பக்கமும் வயலில் தண்ணீர் நிற்பதால் சாலையின் அடிமண் ஊறி இளகுகிறது. வாழைத்தார் ஏற்றிய லாரிகள் போகும் தடம் அமுங்குகிறது, தார் ஓரம் உடைகிறது. சின்னச் சின்ன வாய்க்கால் பாலங்கள் ஒவ்வொன்றும் கான்கிரீட்டில் ஊன்றி அசையாமல் நிற்கும். அவற்றை ஒட்டிக் கொட்டிய மண் மட்டும் இறங்கும். அதனால் ஒவ்வொரு பாலத்தின் இரண்டு முனையிலும் ஒரு படி உண்டாகிவிடுகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிச் சாலைகள் பல இடங்களில் அறுந்து போயின. அறுந்த சாலையை ஒட்டும்போது ஒட்டுப்போட்ட இடமெல்லாம் இன்னொரு மேடு.

வடக்கே ஓட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கம் போனால் கதை வேறு. அது கரிசல். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண். அங்கே சாலை உடைவதற்கு முன்னால் நீள நீளமான அலையாக நெளிகிறது. வண்டல் சாலையின் படிகள் குட்டை. கரிசல் சாலையின் அலைகள் நீளம். காருக்கு இந்த இரண்டும் முற்றிலும் வேறு வேறு சோதனை.

காரை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதெல்லாம் ஒரு பங்கு: உடல், எஞ்சின், இருக்கை, நாம். இதைத் தாங்கு எடை என்று சொல்லலாம். ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதெல்லாம் இன்னொரு பங்கு: டயர், ரிம், ஹப், பிரேக் டிஸ்க், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் ஒரு பாதி. இது தாங்கா எடை. ஒரு சிறிய காரில் ஒரு மூலைக்கு 250 கிலோ தாங்கு எடையும் 35 கிலோ தாங்கா எடையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஸ்பிரிங்கில் தொங்கும் எந்தப் பொருளுக்கும் தானாக ஆடும் ஒரு வேகம் உண்டு. பள்ளியில் படித்த அதிர்வெண் அதுதான். ஸ்பிரிங்கின் விறைப்பை எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் வகுத்தால் ஒரு விநாடிக்கு எத்தனை ஆட்டம் என்று கிடைக்கும். ஒரு மீட்டர் அமுக்க 20,000 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங்கில் 250 கிலோ உட்கார்ந்தால் விடை 1.4 ஹெர்ட்ஸ். மனிதன் மெதுவாக நடக்கும்போது அவன் தலை மேலும் கீழும் அசைவதும் ஏறத்தாழ இந்த வேகத்தை ஒட்டித்தான். சாதாரணக் கார்களின் உடல் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் ஆடுவது நமக்கு இதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சக்கரத்தின் கணக்கு வேறு. அதற்கு மேலே ஸ்பிரிங், கீழே டயர். காற்றடைத்த டயரும் ஒரு ஸ்பிரிங்தான். உலோக ஸ்பிரிங்கைவிடப் பத்து மடங்கு அளவுக்கு விறைப்பானது. இரண்டும் சேர்ந்து ஒரு மீட்டருக்கு 2,00,000 நியூட்டன் என்று வைத்தால் 35 கிலோ சக்கரம் 12 ஹெர்ட்ஸில் துடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது இந்தத் துடிப்பைத் தூண்டிவிட 1.4 மீட்டருக்கு ஒரு மேடு போதும். உடலின் ஆட்டத்தைத் தூண்ட 12 மீட்டர் நீள அலை வேண்டும். வண்டல் சாலை சக்கரத்தைப் பிடித்து உலுக்குகிறது, கரிசல் சாலை உடலைப் பிடித்து ஆட்டுகிறது என்று நான் சொல்வதன் கணக்கு இதுதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை ஓர் இடைவெளி இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தான அதிர்வை மிக அதிகமாக உணர்வது இங்கேதான். வயிறும் முதுகெலும்பும் 5 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்கின்றன. அதிர்வைப் பற்றிய சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 2631 இந்த எல்லைக்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்கிறது. நல்ல சஸ்பென்ஷன் இந்த இடைவெளியை அமைதியாக வைத்திருக்க வேண்டும்.

தாமிரபரணிக் கரை ஊர்களில் கோயில் கொடையை ஒட்டி மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள். அந்தப் பந்தய வண்டியில் ஸ்பிரிங் என்பதே கிடையாது. வண்டி முழுவதும் தாங்கா எடை. தாங்கு எடை என்று ஒன்று உண்டென்றால் அது ஓட்டுகிற ஆள் மட்டும். அவருடைய முழங்காலும் தொடையும்தான் சஸ்பென்ஷன். அதனால்தான் பந்தய வண்டியை எவ்வளவு லேசாகச் செய்ய முடியுமோ அவ்வளவு லேசாகச் செய்கிறார்கள். வண்டி செய்யும் ஆசாரிக்கு இந்தச் சமன்பாடு தேவைப்படவில்லை. கனமான வண்டி எகிறினால் அடி பலமாக விழும் என்று அவர் கைக்குத் தெரியும்.

கார்ச் சக்கரமும் அப்படித்தான். மேட்டில் ஏறும் சக்கரத்துக்கு மேல்நோக்கி ஒரு வேகம் கிடைக்கிறது. அதைத் தடுத்து மீண்டும் தரைக்குக் கொண்டுவர வேண்டியது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். சக்கரம் கனமாக இருந்தால் அதைத் திருப்புவது கடினம்; அந்தக் கணத்தில் டயர் தரையை அழுத்துவது குறைகிறது, சில சமயம் விட்டே விடுகிறது. தரையில் இல்லாத டயர் பிரேக்கும் பிடிக்காது, திருப்பவும் திரும்பாது. ஏபிஎஸ் இருக்கிறதே என்று நம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு எந்த மின்னணுச் சாதனமும் பிடிமானம் தர முடியாது. மேலே போன சக்கரம் கொடுக்கும் உதை ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் வழியாக உடலுக்கும் வந்து சேர்கிறது. ஆக, கனமான சக்கரம் பிடிமானத்தையும் கெடுக்கிறது, சொகுசையும் கெடுக்கிறது. லேசான சக்கரம் இரண்டையும் கூட்டுகிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கான மாற்றங்களில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கத் தேவையில்லாதது இது ஒன்றுதான்.

பிரான்ஸின் சிட்ரோயென் கம்பெனி 1948-இல் காட்டிய 2சிவி காரைச் செய்தவர்கள் இதை மிக நன்றாக உணர்ந்திருந்தார்கள். நாட்டுப்புறத்து விவசாயிக்கான கார் அது. உழுத வயலில் போனாலும் உள்ளே இருக்கும் முட்டைக் கூடை உடையக்கூடாது என்பது அவர்களுடைய நோக்கம் என்று சொல்வார்கள். மிக மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டதும் சக்கரம் துள்ள ஆரம்பித்தது. அதை அடக்க ஒவ்வொரு சக்கரத்தோடும் ஓர் உருளையைப் பொருத்தி, அதற்குள் ஸ்பிரிங்கில் தொங்கும் ஓர் இரும்புக் கட்டியை வைத்தார்கள். சக்கரம் மேலே துடிக்கும்போது கட்டி எதிர்ப்பக்கம் துடித்து அதை அடக்கும். 2005-இல் ரெனோ அணி தன் ஃபார்முலா ஒன் காரின் உடலில் இதே தத்துவத்தைப் பொருத்தி ஓட்டியது. அடுத்த ஆண்டே அதற்குத் தடை வந்தது.

இனி கடைக்குப் போவோம். 'அலாய் என்றால் லேசு' என்று எல்லாரும் நம்புகிறார்கள். அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகுக்கு 7.8, மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியத்தின் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். வளையாமல் இருக்க வேண்டுமென்றால் தடிமனாக வார்க்க வேண்டும். விலை மலிவான வார்ப்பு அலாயில் ஆரங்களும் விளிம்பும் தடிமனாகி, எடை எஃகுச் சக்கரத்துக்குச் சமமாக வந்து நிற்கிறது. அதையும் 14 அங்குலத்திலிருந்து 17 அங்குலத்துக்குத் தூக்கினால் பழையதைவிடக் கனமாகவே முடிகிறது. அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்ட் சக்கரம் உண்மையிலேயே லேசு. அதன் உலோகம் நெருக்கமானது, மெல்லியதாகச் செய்யலாம். விலையோ பல மடங்கு.

எடைக்கு மேல் இன்னொரு இழப்பும் உண்டு. 175/65 ஆர்14 டயரின் பக்கச்சுவர் உயரம் 114 மி.மீ. அதே வெளிவிட்டத்தை ஒட்டி 205/40 ஆர்17 போட்டால் 82 மி.மீ. மூன்று சென்டிமீட்டருக்கு மேல் காற்று மெத்தையை விலை கொடுத்து விற்றுவிட்டீர்கள். வாய்க்கால் பாலத்தின் படியில் ஏறும்போது அந்த மூன்று சென்டிமீட்டர்தான் ரிம்முக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருந்தது. எஃகு ரிம் என்றால் நெளியும்; பெண்டு எடுத்துக்கொள்ளலாம். வார்ப்பு அலாய் கீறல் விடும். கீறல் விட்ட அலாயைப் பற்றவைத்து ஓட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பற்று பிடித்த இடத்தைச் சுற்றி உலோகத்தின் வலிமை குறைந்துவிடும். அடுத்த பள்ளத்தில் அது எப்படி உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

லேசான சக்கரம் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்லி விற்பதும் உண்டு. சக்கரத்தில் ஒரு கிலோ குறைப்பது உடலில் பத்துக் கிலோ குறைப்பதற்குச் சமம் என்பார்கள். அது உண்மையல்ல. சக்கரம் முன்னே போவதோடு சுழலவும் செய்கிறது. ஆகவே அதன் எடை இருமுறை கணக்கில் வரும். முழு எடையும் விளிம்பிலேயே இருந்தால்கூட ஒரு கிலோ அதிகபட்சம் இரண்டு கிலோவுக்குச் சமம், அவ்வளவுதான். நான்கு சக்கரத்திலும் இரண்டிரண்டு கிலோ குறைத்தால் 1,000 கிலோ காரில் 16 கிலோவுக்குள் பலன். பத்து விநாடியில் நூறைத் தொடும் கார் ஒரு விநாடியில் பத்தில் ஒன்றரைப் பங்கு முந்தலாம். நேர்கோட்டு வேகத்துக்காக யாரும் லேசான சக்கரம் வாங்க வேண்டாம். கரடுமுரடான சாலையில் டயர் தரையோடு இருப்பதற்காக வாங்குங்கள்.

ஸ்பிரிங்கை இறுக்குவது இதைவிடச் சிக்கலான வியாபாரம். முன்சொன்ன காரை 2 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற, ஸ்பிரிங்கின் விறைப்பு இரட்டிப்பாக வேண்டும். வளைவில் வண்டி குறைவாகச் சாயும், ஸ்டியரிங் சட்டென்று பதில் சொல்லும். இதெல்லாம் உண்மையான பலன். விலை என்ன? ஷாக் அப்சார்பரின் பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 5 ஹெர்ட்ஸில் வரும் சாலை அதிர்வில் 1.4 ஹெர்ட்ஸ் கார் 9 சதவீதத்தை உள்ளே விடும், 2 ஹெர்ட்ஸ் கார் 19 சதவீதத்தை விடும். வயிறும் முதுகும் அதிகம் உணரும் இடத்தில் உலுக்கல் இரட்டிப்பாகிறது.

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த பந்தயத் தளம், கோவை செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற இடங்களில் தார் சமமாக இருக்கும். அங்கே 2 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் சரி. கொற்கையில் அது தவறு. இறுகிய ஸ்பிரிங் குண்டும் குழியுமான சாலையில் சக்கரத்தை இறங்கவிடாமல் உடலோடு சேர்த்தே தூக்கிவிடுகிறது. மென்மையான ஸ்பிரிங் போட்ட காரே அந்தச் சாலையில் வேகமாகவும் போகும்.

தரையோடு இறக்குவதில் ஒளிந்திருக்கும் ஆபத்து வேறு. சக்கரம் மேலே வருவதற்கு ஏறத்தாழ 8 செ.மீ. இடம் இருக்கும் காரை 4 செ.மீ. இறக்கினால் பாதி இடம் போய்விடுகிறது. அந்த எல்லையில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை உட்கார்ந்திருக்கிறது. அதில் மோதும் கணத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு பல மடங்காகிறது. 'டப்' என்று முதுகில் ஏறுவது அந்த அடிதான். வளைவின் நடுவில் ஒரு சக்கரம் மட்டும் பம்ப் ஸ்டாப்பில் மோதினால் அந்தச் சக்கரத்தின் பிடிமானம் திடீரென மாறி வண்டி வழுக்கும். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். ஊருக்குள் இருப்பவை பல இடங்களில் உயரம் அதிகம், அகலம் குறைவு. இறக்கிய காரின் வயிறு அதில் உரசாமல் போகாது.

முன்னும் பின்னும் பொருந்தாத ஸ்பிரிங் இன்னொரு தொல்லை. ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போன மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பின்ஸ்பிரிங்கின் அதிர்வெண் முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கார் ஊஞ்சலாடாது என்று கண்டார். முன்சக்கரம் மேட்டில் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் தாமதமாக ஏறுகிறது. பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் இரண்டும் சேர்ந்து சமநிலைக்கு வரும். முன்பக்கம் மட்டும் இறுக்கிய காரில் இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுகிறது. எட்டயபுரம் சாலையில் அந்தக் கார் படகைப் போல் ஆடும்.

அப்படியானால் ஸ்போர்ட்ஸும் சொகுசும் எங்கே சந்திக்கின்றன? என் பதில், ஷாக் அப்சார்பரின் வால்வில். உள்ளே எண்ணெய் ஒரு பிஸ்டன் வழியாகப் பாய்கிறது. வளைவில் வண்டி சாயும்போது பிஸ்டன் விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகரும். பாலத்தின் படியில் ஏறும்போது விநாடிக்கு ஒரு மீட்டர், அதற்கும் மேல். நல்ல ஷாக் அப்சார்பரில் மெதுவான அசைவுக்கு எண்ணெய் சிறு துளைகளில் திணறும், உடல் அலையாது. வேகமான அடி வரும்போது மெல்லிய எஃகுத் தகடுகள் வளைந்து வழிவிடும். அடி உள்ளே வராது. ஒரே கருவி சாய்வுக்குக் கெட்டியாகவும் பள்ளத்துக்கு மென்மையாகவும் நடந்துகொள்கிறது. தேய்ந்த ஷாக் அப்சார்பரோடு ஸ்பிரிங்கை மட்டும் இறுக்குவதுதான் கடைகளில் நடப்பதிலேயே பெரிய தவறு. இறுகிய ஸ்பிரிங் அதிக விசையோடு திரும்பும். அதை அடக்க அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் வேண்டும். அது இல்லாத கார் ஒரு மேட்டுக்கு மூன்று முறை குதிக்கும்.

இதைத் தமிழ்நாட்டிலேயே ஒரு குழு நிதானமாகச் செய்து காட்டியிருக்கிறது. கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், பந்தய ஓட்டுநரும் பந்தயக் கார் வடிவமைப்பாளருமான ஜெ. ஆனந்தின் நிறுவனம். டாடா மோட்டார்ஸும் ஜெயமும் சேர்ந்து 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரண்டு கார்களை வெளியிட்டன. சாதாரண டியாகோவில் 1.2 லிட்டர் டர்போ எஞ்சின் வைத்து 114 குதிரைத் திறன் எடுத்தார்கள். டியாகோ ஜேடிபி பத்து விநாடிக்குள் நூறைத் தொட்டது. விலை 6.39 லட்சம். பந்தயத்திலேயே வளர்ந்தவர்கள் செய்த கார். தரையோடு ஒட்டி இறக்கியிருப்பார்கள் என்றுதான் எதிர்பார்ப்போம். அவர்கள் இறக்கியது 4 மி.மீ. மட்டும். சக்கரம் 15 அங்குலம், டயரின் அகலம் 185 மி.மீ. அதற்குமேல் போகவில்லை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துத் திருத்தினார்கள். எதைச் செய்யவில்லை என்பதில்தான் அவர்களுடைய அறிவு தெரிகிறது. 2020-இல் அந்தக் கூட்டு முடிந்துபோனது. நம் ஊர்ச் சாலைக்கென்று யோசித்துச் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அவ்வளவு சீக்கிரம் நின்றது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கொற்கைக்குப் பக்கத்திலேயே இப்போது கார் உருவாகிறது. மின்சாரக் கார் செய்யும் வின்ஃபாஸ்ட் கம்பெனியின் தூத்துக்குடித் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்தது. மின்சாரக் காரின் பேட்டரி நூற்றுக்கணக்கான கிலோ. அது ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதால் தாங்கு எடை கூடுகிறது, சக்கரத்தின் துள்ளல் உடலை அசைப்பது குறைகிறது. ஆனால் அந்தக் கனத்தைத் தாங்க டயரும் ரிம்மும் தடிக்க வேண்டியிருக்கிறது. பெரிய சக்கரம் என்ற ஃபேஷனும் அதோடு சேர்ந்தால் கிடைத்த லாபம் கரைந்துவிடும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க முடியாது. விபத்து என்று வந்தால் காப்பீட்டிலும் கேள்வி எழும்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் டயரின் காற்று. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு பவுண்டும் வேண்டாம், ஏனென்றால் காற்றைக் கூட்டினால் டயரே விறைத்த ஸ்பிரிங் ஆகிறது. அடுத்து நல்ல டயர். அதற்கடுத்துப் புதிய ஷாக் அப்சார்பரும் ரப்பர் புஷ்களும். பணம் மிச்சமிருந்தால், கம்பெனி கொடுத்த அதே விட்டத்தில் லேசான சக்கரம். ஸ்பிரிங்கைக் கடைசிவரை தொட வேண்டாம். அலாய் வாங்கப் போகும்போது உங்கள் பழைய சக்கரம் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் தராசு கேட்டு இரண்டையும் டயர் இல்லாமல் நிறுத்துப் பாருங்கள். புதியது கனமாக இருந்தால் வாங்காதீர்கள்.